வைசர் – முலன்பர்க் குடும்பம்: நிலம், திருச்சபை, மொழி

குடியேற்றக் குடும்பங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொதுவாக நிலப்பத்திரம், திருச்சபைப் பதிவேடு, வம்ச அட்டவணை ஆகிய மூன்று சான்றுகளை நாடுவர். ஒரு குடும்பம் எங்கே உழுதது, எங்கே ஞானஸ்நானம் பெற்றது, யார் யாருக்குப் பிறந்தார் என்பவற்றை இவை கூறும். அக்குடும்பம் எம்மொழியைக் கொண்டு பிழைத்தது, எப்பொழுது எம்மொழியைக் கைவிட்டது என்பதை இவை நேராகக் கூறுவதில்லை. வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேரூன்றிய வைசர் – முலன்பர்க் குடும்பம் இதற்கு ஒரு விலக்கு. அதன் நிலம், திருச்சபை, சந்ததி ஆகிய மூன்றின் வரலாறும் மொழிபெயர்ப்பின் வரலாறாகவே அமைந்துள்ளது. 1744இல் இக்குடும்பத்தின் மூத்தவர் ஒரு பள்ளத்தாக்கின் கைமாற்றத்தை மொழிபெயர்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஜெர்மானியர், சட்டங்களைத் தம் மொழியில் பெயர்த்துத் தருமாறு கோரினர். அவருடைய பேரன் தலைமை வகித்த அவையில் அக்கோரிக்கை தோற்றது.

நிலம்

கொன்ராடு வைசர் 1696ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வூர்ட்டம்பர்க் நாட்டில் ஹெர்ரன்பர்க் அருகிலுள்ள அஃப்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். 1708–09ஆம் ஆண்டின் கடும் பனிக்காலமும் போரின் அழிவும் ரைன் நதிப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இலண்டனுக்கு விரட்டின. தாயை இழந்த வைசரின் குடும்பமும் அவர்களுள் ஒன்று. ஆங்கிலேயர் அவ்வகதிகள் அனைவரையும் 'பாலட்டைன்' என்றே குறித்தனர். ரைன் பாலட்டினேட்டுக்கு வெளியே பிறந்தவரும் அப்பெயரைச் சுமந்தனர், வைசரும் அத்தகையவரே. குடியேறியோர்க்குப் பிறர் இட்ட பெயரை வைத்து அவர்தம் பிறப்பிடத்தைத் துணிவது எத்துணைத் தவறாகும் என்பதற்கு இது போதிய சான்று.

1710இல் ஏறத்தாழ 3,000 பேர் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டனர். பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேவையான தாரைப் பைன் மரங்களிலிருந்து வடிப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. கப்பலிலும் கரையிலும் நோயால் பலர் மாண்டனர். தார் உற்பத்தி தோல்வியுற்று, 1712இல் ஆளுநர் ஹண்டர் உணவு உதவியை நிறுத்தியதும், ஒரு பகுதியினர் மோஹாக் மக்களின் இசைவுடன் ஷோகாரிப் பள்ளத்தாக்கினுள் புகுந்தனர். மோஹாக் மக்களின் இசைவு ஆங்கிலச் சட்டத்தின் முன் பத்திரமாகவில்லை. அந்நிலத்தை அரசு வேறு சிலருக்கு வழங்கிவிட்டது. வைசரின் தந்தை முறையிடுவதற்காக 1718இல் இலண்டன் சென்றார். அங்கே கடனுக்காகச் சிறைப்பட்டார்.

இளைஞர் கொன்ராடு மொழி கற்றது இந்த நெருக்கடியின் நடுவில்தான். 1712ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை தம் பதினாறு வயது மகனை மோஹாக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார். அடுத்த கோடை வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள் அவர் அங்கே வாழ்ந்தார். குளிரும் பசியும், குடிவெறியில் தம்மைக் கொல்ல வந்தவர்களுக்கு அஞ்சி ஒளிந்ததும் அவருடைய தன்வரலாற்றுக் குறிப்பில் இடம்பெறுகின்றன. இலக்கணமோ அகராதியோ கிடையாது. பகரமும் மகரமும் இல்லாத ஒரு மொழியை, உதடு குவித்தும் கூட்டியும் பேசிப் பழகிய ஒரு ஜெர்மானியச் சிறுவன் காதால் மட்டுமே கற்றான். ஊருக்கு மீண்டதும், குடியேறியோர்க்கும் மோஹாக் மக்களுக்கும் இடையே ஊதியமின்றி மொழிபெயர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது.

ஷோகாரியில் உரிமை கிட்டாத குடும்பங்கள் சில 1723இல் சஸ்குவஹன்னா ஆற்றின் வழியே தெற்கே சென்று பென்சில்வேனியாவின் துல்பெஹோக்கனில் குடியேறின. ஆளுநர் கீத் இசைவளித்தார். ஆனால் அந்நிலம் லெனாப்பே மக்களுக்குரியது. அவர்களிடமிருந்து அது அதுகாறும் வாங்கப்படவில்லை. 'துல்பெஹோக்கன்' என்பதே 'ஆமைகளின் நிலம்' எனப் பொருள்படும் லெனாப்பேச் சொல். தம் மக்களின் நிலத்தில் அந்நியர் உழுவதைப் பற்றி லெனாப்பே தலைவர் சஸ்ஸூனன் 1728இல் பிலடெல்பியாவில் முறையிட்டார். 1732இல்தான் விலைப்பத்திரம் எழுதப்பட்டது. 1729இல் மனைவி மக்களுடன் வந்து சேர்ந்த வைசர், பத்திரம் பிறவாத நிலத்திலேயே தம் வீட்டுக்கு அடிகோலினார். ஷோகாரியில் எந்த அநீதியைக் குறித்து அவர் தந்தை முறையிட்டாரோ, அதே வகை அநீதியின் பயனாளராகத் துல்பெஹோக்கனில் மகன் நின்றார். குடும்ப வரலாற்று நூல்கள் முதல் நிகழ்ச்சியை விரிவாகவும் இரண்டாவதைச் சுருக்கமாகவும் கூறுவது வழக்கம்.

மொழிபெயர்ப்பாளர்

1731 முதல் வைசர் பென்சில்வேனிய அரசின் மொழிபெயர்ப்பாளராகத் தோன்றுகிறார். ஷமோக்கினில் இரோக்குவா கூட்டணியின் சார்பில் தங்கியிருந்த ஷிக்கெல்லமி என்னும் ஒனெய்டா தலைவர் அவரைப் பிலடெல்பியாவுக்கு உடன் அழைத்துச் சென்றதே தொடக்கம். கூட்டணியினர் அவருக்கு 'தரச்சியவாகன்', அதாவது 'வானத்தைத் தாங்குபவர்' என்னும் தம் தொன்மப் பெயரைச் சூட்டினர்.

அக்காலப் பேச்சுவார்த்தைகளில் வழங்கிய பெயர்களே மொழிபெயர்ப்பு ஆய்வுக்குத் தனியொரு களமாகும். பென்சில்வேனிய ஆளுநரை இரோக்குவா மக்கள் 'ஓனஸ்' என்றனர்; அச்சொல்லுக்கு இறகு என்பது பொருள். நிறுவனர் வில்லியம் பென்னின் பெயரை எழுதுகோல் எனக் கொண்டு, எழுதுகோல் இறகால் ஆனதாதலின் அவ்வாறு பெயர்த்தனர். வேறு குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசிய லெனாப்பே மக்களும் அதே வழியில் 'மிக்வன்' என்றனர். வர்ஜீனிய ஆளுநரின் பெயர் இன்னும் சுற்றுவழியில் பிறந்தது. 1684இல் உடன்படிக்கைக்கு வந்தவர் ஹோவர்டு பிரபு. அப்பெயர் டச்சு மொழியில் வெட்டுக்கத்தியைக் குறிக்கும் சொல்லாகக் கேட்க, அதனை 'அஸ்ஸரிகோவா', 'பெருங்கத்தி' என்று பெயர்த்தனர். ஆங்கிலப் பெயர் டச்சுச் செவிவழியே மோஹாக் சொல்லாயிற்று. தவறான கேள்வியில் பிறந்த மொழிபெயர்ப்பு அரச முறைப் பெயராகி, அடுத்து வந்த ஆளுநர்கள் அனைவருக்கும் உரியதாயிற்று.

மன்றத்தில் பேச்சுடன் வாம்பம் என்னும் சிப்பிமணிப் பட்டையும் கைமாறியது. பட்டையில்லாத சொல் உறுதியற்ற சொல். எதிர்த்தரப்பு கூறியதை அப்படியே திருப்பிக் கூறிய பின்னரே மறுமொழி தரப்படும். அதுவும் பெரும்பாலும் மறுநாள். இந்நடைமுறையை ஆளுநர்களுக்குக் கற்பித்து அவர்களைப் பொறுமையுடன் இருக்கச் செய்ததே வைசரின் பெரும்பணி. சொற்களை மட்டும் பெயர்த்திருந்தால் அவருடைய பெயர் இன்று நினைவிலிருக்காது.

ஆயினும் அவருடைய மொழி மோஹாக் ஆதலின், பென்சில்வேனியாவின் நிலப்பிரச்சினைகள் யாவும் இரோக்குவா கூட்டணியின் வழியே பேசப்படலாயின. லெனாப்பே மக்களுக்கு உரைக்க வேறு துபாஷிகள் வேண்டியிருந்தது. 1742இல் பிலடெல்பியா மன்றத்தில் ஒனொண்டாகா தலைவர் கனசட்டேகோ லெனாப்பே மக்களைக் கடிந்து, அவர்கள் பெண்களாக்கப்பட்டவர்கள், நிலத்தை விற்கும் உரிமை அற்றவர்கள் என்றார். வைசர் அதனை ஆங்கிலமாக்க, பிறர் அதை லெனாப்பே மொழியில் உரைத்தனர். 'பெண்' என்னும் உருவகம் இழிவைக் குறித்ததா, போரிலிருந்து விலகிச் சமாதானம் பேணும் மதிப்புக்குரிய நிலையைக் குறித்ததா என்பது இன்றளவும் முடியாத விவாதம். மூன்று மொழிகளைக் கடந்து அச்சொல் லெனாப்பே காதில் விழுந்தபோது வசையாகவே விழுந்தது. டெலவேர் ஆற்றங்கரையை விட்டு அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

1744ஆம் ஆண்டு லான்காஸ்டர் உடன்படிக்கை வைசரின் வாழ்க்கையில் உச்சம் எனக் கூறுவர். அங்கே இரோக்குவா கூட்டணி 200 பவுன் பொன்னும் 200 பவுன் மதிப்புள்ள பண்டங்களும் பெற்றுக்கொண்டு வர்ஜீனியாவுக்கு நிலம் விட்டுக்கொடுத்தது. தாம் விட்டது ஷெனன்டோவாப் பள்ளத்தாக்கு என்று அவர்கள் கருதினர். ஆங்கிலப் பத்திரமோ, அரசரின் ஆணைப்படி வர்ஜீனியாவுக்குள் இப்போது அடங்குவனவும் இனி அடங்குவனவுமாகிய நிலங்கள் அனைத்தையும் குறித்தது. வர்ஜீனியாவின் அரச சாசனம் மேற்கே கடல் வரை நீள்வது. ஒஹாயோ நதிப் பகுதி முழுவதும் அவ்வொரு தொடருக்குள் அடங்கிற்று. மன்றத்தில் பேசப்பட்டது வாய்மொழி. நின்று நிலைத்தது எழுத்து. வைசர் பெயர்த்த பேச்சில் பிழை இருந்ததெனக் கூறுவதற்கில்லை. பேச்சுக்கும் பத்திரத்துக்கும் இடையே இருந்த தொலைவை எடுத்துக்காட்டுவதைத் தம் கடமையாக அவர் கொள்ளவில்லை என்பதே குறை. 1754இல் ஆல்பனியில் சஸ்குவஹன்னாவுக்கு மேற்கே பெருநிலம் வாங்கப்பட்டபோதும் அவரே முகவர். மறு ஆண்டு லெனாப்பே மக்கள் எல்லைப்புறத்தில் போர் தொடுத்தனர். நவம்பரில் துல்பெஹோக்கன் பண்ணைகளும் தாக்குண்டன. மொழிபெயர்ப்பாளர் படைத்தலைவராகித் தம் நிலத்தைக் காக்க நின்றார். 1758இல் ஈஸ்டன் உடன்படிக்கையின் பயனாக ஆல்பனியில் வாங்கிய நிலத்தின் மேற்குப் பகுதி திருப்பியளிக்கப்பட்டது.

1760 ஜூலை 13இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு ஈஸ்டனில் கூடிய மன்றத்தில் செனெக்கா பேச்சாளர் ஒருவர், வைசர் இல்லாமையால் இரு தரப்பாரும் இருளில் அமர்ந்திருப்பதாகவும் ஒருவரையொருவர் முன்போல் விளங்கிக்கொள்ள இயலவில்லை என்றும் வருந்தினார். மேற்கண்ட குறைகளை எல்லாம் கணக்கிட்ட பின்னரும் இச்சான்றைத் தள்ளிவிடுதல் இயலாது.

திருச்சபை

துல்பெஹோக்கனில் குடியேறிய லுத்தரன் மக்கள் 1727இலேயே ஒரு மரக்கட்டைக் கோயிலை எழுப்பினர். குருவானவர் இல்லை. யார் உண்மையான குரு என்பதில் எழுந்த பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. அதனை 'துல்பெஹோக்கன் குழப்பம்' என்றே திருச்சபை வரலாறு குறிக்கிறது. 1735இல் வைசரும் சீர்திருத்தச் சபையின் போதகர் பீட்டர் மில்லரும் எப்ராட்டா மடத்தின் தலைவர் பைசலிடம் ஞானஸ்நானம் பெற்றனர். சில ஆண்டுகள் வைசர் 'சகோதரர் ஏனோக்கு' என்னும் பெயருடன் தாடி வளர்த்த துறவியாகவும் அரசின் மொழிபெயர்ப்பாளராகவும் ஒருங்கே இருந்தார். 1743இல் கடிதம் எழுதி விலகினார். மில்லர் அங்கேயே தங்கினார். டச்சு மொழியிலிருந்து அவர் ஜெர்மனில் பெயர்த்த 'தியாகிகளின் கண்ணாடி' 1748இல் மடத்து அச்சகத்தில் வெளியாயிற்று. காலனிய அமெரிக்காவில் அச்சான மிகப் பெரிய நூல் அது.

அதே 1743இல் மொரேவியச் சபையின் பிர்லேயஸ் என்பார் வைசரின் வீட்டில் தங்கி மோஹாக் மொழியைப் பயின்றார். மறு ஆண்டு பெத்லகேமில் அவர் தொடங்கிய மொழிப்பள்ளியில் பயின்றவருள் ஒருவர், பின்னாளில் ஒனொண்டாகா, லெனாப்பே மொழிகளுக்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்த சைஸ்பர்கர். பண்ணை வீடொன்று மொழியியல் பயிற்சிக்கூடமாக இருந்த இச்செய்திக்கு வம்ச வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியே ஒதுக்கியுள்ளனர்.

முலன்பர்க் குடும்பம் இங்கேதான் இணைகிறது. ஐன்பெக் நகரில் 1711இல் பிறந்த ஹென்ரிக் மெல்க்கியோர் முலன்பர்க்கைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியவர் ஹாலே நகரின் பிராங்கே நிறுவனத் தலைவர் கோட்ஹில்ஃப் ஆகஸ்ட் பிராங்கே. தரங்கம்பாடி மிஷனுக்கு ஆளும் நூலும் பொருளும் அனுப்பிவந்த ஹாலேதான் இது. முலன்பர்க்கை முதலில் கீழை இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணமும் இருந்தது. அவர் பிலடெல்பியாவில் இறங்கிய 1742ஆம் ஆண்டிலேயே ஹாலேயின் மற்றொரு மாணவரான பெப்ரிசியஸ் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து பொறுப்பேற்றார். ஒரே தலைவருக்கு இருவரும் அறிக்கை எழுதினர். ஹாலேயில் அவை இருவேறு தொடர்களாக அச்சாயின. ஒப்பிடத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. சென்னைக்கு வந்தவர் மக்களின் மொழியில் வேதத்தைப் பெயர்த்து, 1779இல் வேப்பேரியில் தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டார். பிலடெல்பியாவுக்குச் சென்றவரின் மக்களோ ஜெர்மன் பேசியவர்களே. அவர் தொல்குடிகளின் மொழியைக் கற்கவேண்டிய தேவை எழவில்லை. தம் மக்களின் மொழி அடுத்த தலைமுறையில் எஞ்சுமா என்பதே அவர்முன் நின்ற வினா. நியூயார்க்கில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டச்சு, ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அவர் பிரசங்கித்தது அவ்வினாவுக்கு அவர் கண்ட நடைமுறை விடை.

1745 ஏப்ரலில் அவர் வைசரின் மகள் அன்னா மரியாவை மணந்தார். பதினொரு பிள்ளைகள் பிறந்தனர். டிராப் என்னும் ஊரில் 1743இல் அவர் எழுப்பிய ஆகஸ்டஸ் ஆலயம் இன்றும் மாற்றமின்றி நிற்கிறது.

சந்ததி

பிள்ளைகளுள் மூவரை 1763இல் தந்தை ஹாலேக்கு அனுப்பினார். பீட்டர், பிரடெரிக், கோட்ஹில்ஃப் ஹென்றி ஆகிய மூவரும் குருத்துவத்துக்கு வந்தனர். கடைசியானவரே அதில் நிலைத்தார். பீட்டர் 1772 முதல் வர்ஜீனியாவின் உட்ஸ்டாக்கில் போதகராக இருந்து, 1776இல் படையில் சேர்ந்தார். பிரசங்கம் முடிந்ததும் அங்கியைக் களைந்து உள்ளேயிருந்த போருடையைக் காட்டினார் என்னும் புகழ்பெற்ற கதை, 1849இல் குடும்பத்தார் ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் முதலில் அச்சேறியது. உட்ஸ்டாக் அமைந்திருப்பது ஷெனன்டோவாப் பள்ளத்தாக்கில். 1744இல் பாட்டனார் மொழிபெயர்த்த கைமாற்றத்தால் வர்ஜீனியாவின் வசமான நிலத்தில் பேரன் ஜெர்மன் சபையை நடத்தினார்.

1794 ஜனவரியில் அதே பள்ளத்தாக்கின் ஆகஸ்டா மாவட்ட ஜெர்மானியர் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். கூட்டாட்சிச் சட்டங்கள் சிலவற்றை ஜெர்மனில் பெயர்த்து அச்சிட வேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். ஆட்சிமொழி ஆக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. கீழ்ப்படிய வேண்டிய சட்டம் விளங்க வேண்டும் என்றே கேட்டனர். அப்பொழுது பிரதிநிதிகள் சபையின் தலைவர் பிரடெரிக் முலன்பர்க். 1795 ஜனவரி 13இல் இதன்மீது நடந்த விவாதத்தை ஒத்திவைக்கும் தீர்மானம் 42க்கு 41 என ஒரே வாக்கில் தோற்றது. பிப்ரவரியில் மொழிபெயர்ப்புக் கோரிக்கையே தள்ளப்பட்டது. சட்டங்கள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாயின.

இந்த ஒற்றை வாக்கே பின்னாளில் கட்டுக்கதையாயிற்று. ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழியாக வேண்டியது, முலன்பர்க்கின் ஒரு வாக்கால் தவறியது என்பது கதை. 1847இல் வெளிவந்த பிரான்ஸ் லேயரின் வரலாற்று நூல் இதற்குப் பரப்பளித்தது. அந்நூல் நிகழ்ச்சியைப் பென்சில்வேனிய மாநில அவையில் வைத்துக் கூறுவதே அதன் நம்பகத்தை அளக்கப் போதுமானது. பிரடெரிக் உண்மையில் அளித்த முடிவு வாக்கு வேறொன்று. 1796இல் ஜே உடன்படிக்கைக்குப் பணம் ஒதுக்கும் பொருளில் 49க்கு 49 எனச் சமநிலை ஏற்பட்டபோது குழுத் தலைவராக அவர் ஆதரித்து வாக்களித்தார். இரு நிகழ்ச்சிகளும் மக்கள் நினைவில் ஒன்றாகக் கலந்திருத்தல் கூடும். கதையின் தீங்கு யாதெனில், சிறியதும் நியாயமானதுமான ஒரு மொழிபெயர்ப்புக் கோரிக்கை, நிகழாத ஒரு மொழிப்போருக்குள் மறைந்துபோயிற்று.

போராட்டம் உண்மையில் நடந்தது ஆலயத்தில். பென்சில்வேனிய லுத்தரன் பேரவை தான் ஜெர்மன் பேசும் அவையாகவே இருக்கும் என்று 1805இல் தீர்மானித்தது. பிலடெல்பியா சபையில் ஆங்கில வழிபாடு கோரிய தரப்புக்குத் தலைமை வகித்தவர் பீட்டர் முலன்பர்க். சபைத் தேர்தலில் தோற்ற அத்தரப்பு 1806இல் பிரிந்து தூய யோவான் ஆங்கிலச் சபையை நிறுவியது. தந்தை கட்டிக்காத்த சபையை மொழியின் பெயரால் மகன் பிரித்தார். எஞ்சியிருந்த சபையிலும் பூசல் ஓயாமல், ஆங்கிலம் புகாதபடி சதி செய்ததாக ஜெர்மன் தரப்பினர்மீது 1816இல் வழக்கு நடந்து தண்டனையும் விதிக்கப்பட்டது, ஆளுநர் மன்னித்தார்.

இளையவர் கோட்ஹில்ஃப் ஹென்றி வேறு வழி கண்டார். 1780 முதல் 1815 வரை லான்காஸ்டரில் போதகராக இருந்த அவரைத் தாவரவியலாளர் நன்கறிவர். 'முலன்பர்கியா' என்னும் புல்லினம் அவர் பெயரால் வழங்குவது. மொழியியலாளர் அவரை அறியவேண்டிய காரணம், 1812இல் ஷிப்பர் என்பாருடன் இணைந்து அவர் வெளியிட்ட ஜெர்மன் – ஆங்கில, ஆங்கில – ஜெர்மன் அகராதி. பாட்டனாரின் தொழிலுக்கு இக்குடும்பத்தில் உண்மையான வாரிசு அவரே எனலாம்.

நிலங்கள் இன்று கைமாறிவிட்டன. வைசரின் பண்ணையில் 26 ஏக்கர் நினைவிடமாகக் காக்கப்படுகிறது. லெனாப்பே மக்கள் ஒக்லஹோமாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் தள்ளப்பட்டனர். அவர்தம் மொழியின் தென் வழக்கைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2002இல் மறைந்தார். துல்பெஹோக்கன் ஆற்றின் பெயரில் அம்மொழியின் ஒரு சொல் நிற்கிறது. பென்சில்வேனிய ஜெர்மன் வழக்கைக் குடும்பமொழியாகப் பேணி வருவோர் பெரும்பாலும் ஆமிஷ் போன்ற தனித்து வாழும் சமயக் குழுவினரே; லுத்தரன் மக்கள் அல்லர்.

குடும்பத்தின் கல்லறைகளில் எழுத்துகள் தெளிவாக உள்ளன. வைசரின் கல் ஜெர்மனில் பொறிக்கப்பட்டது. பிறந்த ஊரும் அமெரிக்க மண்ணில் இறந்த நாளும் அதில் உண்டு. டிராப் ஆலயத்தின் வாயிற்கல்லும் பின்புறமுள்ள முலன்பர்க்கின் கல்லறையும் இலத்தீனில் அமைந்தவை. அருகிலேயே 1807இல் அடக்கம் செய்யப்பட்ட பீட்டரின் கல்லறை வாசகம் ஆங்கிலத்தில் உள்ளது.